மூன்று நிமிடம் ஒலிபரப்பான என் மனைவி

1

பினாங்குக்கு வந்து இந்த மாதத்தோடு பதினோரு வருடம் முடிகிறது. வருடா வருடம் இதே சமயத்தில் ஊரில் இருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதுவேன். மழை, சாப்பாடு, வேலை பெர்மிட் என்று எதையாவது ஒப்பித்துவிட்டு முடித்துக்கொள்வேன். இந்த வருடம் என் மேல் நானே ஒரு புகார் எழுதவேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். என் மனைவி செல்வி, இங்கே இருந்தது போதும், திண்டுக்கல்லுக்கே திரும்பிப் போகிறேன் என்று சொன்னாள். நான் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னது எனக்கே தெரியாது. ஆனால் பினாங்கிலும் பக்கத்தில் கெடாவிலும் ரேடியோ வைத்திருக்கும் இருபது பேருக்குத் தெரியும்.

எப்படி என்று கேட்பீர்கள். அதற்கு என் காரில் இருக்கும் கையடக்க ரேடியோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். செல்வி பதினோரு வருடமாகப் பொறுத்துக்கொள்கிறாள். அதில் ரேடியோவுக்கு மட்டும் நான்கு வருடம்.

2

ஜார்ஜ் டவுனில் ஹமீது பாய் என்று ஒருவர் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அவருடைய கல்லாவில் ஒரு சின்ன வயர்லெஸ் கருவி கரகரவென்று பேசிக்கொண்டே இருக்கும். போலீஸ் சமாச்சாரம் என்று நினைத்து நான் முதலில் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது அமெச்சூர் ரேடியோ. தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, பொழுதுபோக்காகப் பேசுகிறவர்கள் அவர்கள். "தம்பி, இதுக்குள்ள வந்தீங்கன்னா வீட்டுல திட்டு வாங்குவீங்க. ஆனா நல்லா இருக்கும் லா," என்றார். இரண்டுமே உண்மையாயிற்று. 'லா' என்பது இங்கே எல்லோர் பேச்சின் வாலிலும் ஒட்டிக்கொள்ளும் சொல், அர்த்தம் தேடவேண்டாம்.

தேர்வு சுலபம். படிவம்தான் கஷ்டம். என் பெயர் சு. முருகேசன். அந்தச் 'சு' என்ன என்று அலுவலகத்து அம்மா கேட்டார். அப்பா பெயர் சுப்பையா என்றேன். இங்கே ஒருவர் பெயருக்குப் பின்னால் இன்னாருடைய மகன் என்று அப்பா பெயரைச் சேர்த்து எழுதுவார்கள். எந்தப் பெட்டியில் எது போனதோ, உரிமம் வந்தபோது சுப்பையா என்று வந்தது. வாழ்நாளில் டிரான்சிஸ்டரின் குமிழைக்கூடச் சரியாகத் திருகத் தெரியாத என் அப்பா, காலமாகி ஆறு வருடம் கழித்து, நான்கு மாத காலம் மலேசியாவின் அமெச்சூர் ரேடியோக்காரராக இருந்தார். திருத்தி வாங்குவதற்குள் மூன்று படிவமும் இரண்டு அரை நாள் விடுப்பும் போயின.

என் கார் கம்பெனி கார். அதில் ஓட்டை போட்டுப் பெரிய ரேடியோ பொருத்த முடியாது. அதனால் கையில் பிடிக்கிற கருவியையே காரில் வைத்துக்கொள்கிறேன். கார் என்பது நான்கு பக்கமும் தகரம். உள்ளே உட்கார்ந்து, கருவியின் கட்டை ஆன்டெனாவோடு பேசினால் நம் குரல் கண்ணாடி வழியாகக் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். கூரை மேல் காந்தம் வைத்த ஆன்டெனா ஒன்றை ஒட்டி, அதன் கம்பியைக் கதவு இடுக்கு வழியாக உள்ளே இழுத்துக் கருவியில் மாட்டினால் கதையே வேறு. மலை மேல் இருக்கும் ரிப்பீட்டர் நம் குரலைப் பிடித்து மறுபடியும் பலமாக அனுப்பும். கருவி, தண்ணீர்ப் பாட்டில் வைக்கிற குழியில் நிற்கும். அதிலிருந்து சுருள் கம்பியோடு உள்ளங்கை அளவில் ஒரு மைக். பக்கவாட்டுப் பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். ஒரே நேரத்தில் இரண்டும் நடக்காது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கதவு இடுக்கில் அந்தக் கம்பி கிடப்பதால் மழை பெய்தால் செல்வியின் தோளில் சொட்டும். அவள் ஒரு துண்டு வைத்திருக்கிறாள்.

3

காலை ஏழு மணிக்கு நாங்கள் இருவரும் ஜார்ஜ் டவுனில் இருந்து கிளம்பிக் கடல் மேல் இருக்கும் பாலம் ஏறுவோம். இருவருக்கும் வேலை அக்கரையில், ஜுருவில், பக்கத்துப் பக்கத்துத் தொழிற்சாலையில். நான் இயந்திரப் பராமரிப்பு. அவள் கார் உதிரிபாகக் கம்பெனியின் ஸ்டோர் ஆபீசில் இரண்டு வருட ஒப்பந்தம்.

மகள் தாரணி படிவம் ஐந்து, அதாவது நம் ஊர்ப் பதினோராம் வகுப்பு, படிக்கிறாள், பள்ளி பஸ்ஸில் போய்விடுவாள். ஆறு வயதில் இங்கே வந்தவள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அம்மா கேட்டால் பாதித் தமிழ். தோழிகளோடு போனில் மலாயில் சிரிக்கிற சிரிப்பை எங்களிடம் சிரித்துப் பல நாளாயிற்று. அடுத்த வருடம் கோலாலம்பூரில் படிக்கப் போகிறாள். உனக்கும் ஒரு ரேடியோ வாங்கித் தரட்டுமா என்று ஒரு முறை கேட்டேன். "அப்பா, பிளீஸ் லா," என்றாள். அதற்கு வேண்டாம் என்று பொருள்.

நாங்கள் பாலத்தில் போகிற நேரத்தில்தான் காலை நெட் நடக்கும். நெட் என்றால் ரேடியோக்காரர்களின் வருகைப் பதிவு. ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் முறை வைத்து வணக்கம் சொல்லுவார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண் கொடுப்பார். முதல் எண் குரலின் தெளிவு, ஐந்து வரை. இரண்டாவது சிக்னலின் பலம், ஒன்பது வரை. ஐந்து ஒன்பது வாங்கினால் முழு மதிப்பெண். அந்த ஐந்து ஒன்பதுக்காக நான் பாலத்தின் எந்த இடத்தில் காரின் வேகத்தைக் குறைக்கவேண்டும் என்பது வரை தெரிந்துவைத்திருந்தேன்.

நெட்டை நடத்துபவர் லிம் அண்ணே. ஓய்வு பெற்ற சீனர், பட்டர்வொர்த்தில் பாகான் டாலாமில் வீடு. சின்ன வயதில் சுங்கை பாக்காப் பக்கத்து எஸ்டேட்டில் வளர்ந்தவர். அவருடைய அப்பா அங்கே கடை வைத்திருந்தார். தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடியே தமிழ் வந்துவிட்டது. ஆனால் நெட்டில் மலாய் மட்டும்தான் பேசுவார். ஒழுங்கில் கறார். நமக்கென்று பேசப்படாதது தவறிப்போய்க் காதில் விழுந்தால் அதை வெளியே சொல்லக்கூடாது என்பது ரேடியோக்காரர்களின் முதல் விதி. பொய்யான சிக்னல் எண் கொடுக்கக் கூடாது என்பது அவருடைய சொந்த விதி.

என் மலாய் தொழிற்சாலைத் தரையில் பொறுக்கியது. அங்கே நான் முதலில் கற்ற சொல் 'ரோசாக்'. பழுதாகிவிட்டது என்று அர்த்தம், இயந்திரத்துக்குச் சொல்வது. ஒரு நாள் செல்விக்குக் காய்ச்சல். நெட்டில் "இஸ்திரி சாயா ரோசாக்" என்றேன், என் மனைவி பழுது என்று. ஜுருவில் கார் பட்டறை வைத்திருக்கும் ரோஸ்லான் உடனே வந்து, உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று கேட்டார். அதற்கப்புறம் செல்வியை யாரும் நேரில் பார்க்காவிட்டாலும் அவள் நலத்தை எல்லோரும் விசாரிப்பார்கள்.

4

அந்தப் புதன்கிழமை வழக்கம் போலத்தான் இருந்தது. நெட்டில் என் முறை முடிந்தது. ஐந்து ஒன்பது. மைக்கை இரண்டு இருக்கைக்கும் நடுவில் வைத்தேன். செல்வி சாப்பாட்டுப் பையைக் காலடியில் இருந்து எடுத்து நடுவில் சாய்த்து வைத்தாள். பேசிக்கொண்டே வந்தாள். நெட் திடீரென்று அமைதியாகிவிட்டதே, ரிப்பீட்டருக்கு என்ன ஆயிற்று என்று நான் யோசித்துக்கொண்டே ஓட்டினேன். நடுநடுவே 'ம்' போட்டேன், ஒரு தடவை 'சரி'யும் போட்டேன்.

இந்த 'ம்' ஊரிலிருந்தே வந்தது. கல்யாணமான புதிதில் எங்களிடம் ஒரு மொபெட் இருந்தது. நாகல் நகரில் குடியிருந்தோம். செல்வி பின்னால் உட்கார்ந்து, வண்டி கிளம்பியதில் இருந்து நிற்கும் வரை பேசுவாள். பாதி காற்றில் போய்விடும், மீதியை முன்னால் போகிற பஸ் சாப்பிட்டுவிடும். திரும்பிக் கேட்டால் வண்டி ஆடும். அதனால் 'ம்' என்பேன். இரண்டு 'ம்' சேர்ந்து வந்தால் அவளுக்குச் சந்தேகம் வரும், அப்போது 'சரி' என்பேன். அப்படி ஒரு 'சரி'யில்தான் எங்கள் வீட்டுக்கு வெட் கிரைண்டர் வந்தது. இன்னொரு 'சரி'யில் அவளுடைய தங்கை இரண்டு மாதம் எங்களோடு வந்து தங்கினாள். இரண்டும் நல்லபடியாகவே முடிந்ததால் நான் பழக்கத்தை மாற்றவில்லை. மொபெட் போய்க் கார் வந்தது, கண்ணாடி ஏற்றி ஏசி போட்டு ஓட்டுகிறோம், காற்றும் இல்லை பஸ்ஸும் இல்லை. 'ம்' மட்டும் அப்படியே இருந்தது.

செல்வியை அவளுடைய கம்பெனி வாசலில் இறக்கிவிட்டேன். "அப்ப சரிதானே?" என்று கேட்டாள். "சரி சரி," என்றேன். கதவைச் சாத்தாமல் ஒரு நிமிடம் நின்றாள். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான், போய்விட்டாள்.

என் தொழிற்சாலையில் காரை நிறுத்திக் கருவியை எடுத்தால் கை சுட்டது. பாட்டரியில் பாதி காலி. சாப்பாட்டுப் பை மைக்கின் பட்டனை அழுத்திக்கொண்டு இருந்திருக்கிறது. நெட் அமைதியாகவில்லை, நாங்கள்தான் ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தோம். பட்டன் அழுந்தியிருக்கும் வரை நமக்கு எதுவும் கேட்காது என்பதால் யாராலும் நம்மை நிறுத்தவும் முடியாது. ரிப்பீட்டர் தானே மூன்று நிமிடத்தில் அலுத்துப்போய் வெட்டிவிடும். ஆக, மூன்று நிமிடம்.

செல்வி அந்த மூன்று நிமிடத்தில் என்ன பேசினாள் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். ஆபீசில் யாருக்கோ கல்யாணம் என்றாள். அது செவ்வாய்க்கிழமையோ? முருங்கைக்காய் விலை? ஒன்றுமே பிடிபடவில்லை. மோசமாக ஒன்றும் இருக்காது என்று நானே முடிவுகட்டினேன். செல்வியிடம் வாயைத் திறக்கவில்லை. அவளுக்குத் தெரிந்தால் ரேடியோ பாலத்துக்குக் கீழே போய்விடும்.

5

வியாழக்கிழமை என் முறை வந்தது. வணக்கம் சொன்னேன். லிம் அண்ணே கொஞ்சம் தாமதித்து, மலாயில், "இரண்டு மூன்று," என்றார். நான்கு வருடத்தில் நான் வாங்காத மதிப்பெண். ரோஸ்லானிடம் கேட்டேன். அவரும் இரண்டு மூன்று. ஹமீது பாய் கடை பாலத்தில் இருந்து பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. அவர், "ஒன்று இரண்டு தம்பி," என்றார்.

வெள்ளிக்கிழமையும் அதே கதை. நான் பதறிவிட்டேன். சனிக்கிழமை முழுக்கக் கார் நிறுத்தத்தில் தரையில் படுத்துக்கிடந்தேன். கம்பியை மாற்றினேன். புதிய ஆன்டெனா வாங்கிக் கூரையின் நடுவில் வைத்தேன், பிறகு பின்பக்கம், பிறகு டிக்கியில். முனைகளைப் புதிதாகப் பற்றவைத்தேன். செல்வி மாடியில் இருந்து ஒரு முறை எட்டிப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லிவிடுகிறேன். புதன்கிழமைக்கு அப்புறம் அவள் காரில் பேசவே இல்லை. நான் அதைக் கவனிக்காமல் இல்லை. அப்பாடா, சிக்னல் கோளாறைக் கண்டுபிடிக்க இப்படி அமைதி இருந்தால்தான் நல்லது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை லிம் அண்ணே வீட்டுக்கே காரை ஓட்டிக்கொண்டு போனேன். அவரிடம் நல்ல மீட்டர்கள் உண்டு. வராந்தாவில் காபி கொடுத்தார். மீட்டரை மாட்டி, பட்டனை அழுத்தி, முள்ளைப் பார்த்தார். இன்னொரு முறை அழுத்தினார்.

"தம்பி, உன் ரேடியோ நல்லா இருக்கு. ஆன்டெனா முதல் தரம்."

"அப்ப ஏன் அண்ணே எல்லாரும் ரெண்டு மூணுங்கறாங்க?"

அவர் மீட்டரைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"நாப்பது வருஷமா நான் ரிப்போர்ட் குடுக்கறேன். ஒருத்தனுக்கும் பொய் சொன்னதில்ல. உனக்குத்தான் சொன்னேன். எனக்கே மனசு கஷ்டமாப் போச்சி."

"எதுக்கு?"

"அன்னிக்கு உன் மைக் ஒட்டிக்கிச்சி. காதுல விழுந்தத வெளிய சொல்லக்கூடாது, அது சட்டம். நான் சொல்ல மாட்டேன். ஆனா கோவம் வந்திச்சி. அந்தப் பாய்க்கும் வந்திச்சி. ரோஸ்லானுக்குத் தமிழ் தெரியாது, உன் வீட்டுக்காரம்மா குரலக் கேட்டே அவனுக்கும் வந்திச்சி."

"அண்ணே, சத்தியமா அவ என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது."

லிம் அண்ணே காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "நீ பக்கத்துலதானே உக்காந்திருந்தே?"

"நெட் ஏன் சத்தமில்லாம இருக்குன்னு யோசிச்சிக்கிட்டு இருந்தேன்."

"ஐயோ லா, தம்பி," என்றார். நான் விடாமல் கெஞ்சினேன். கடைசியில், "ஊருக்குப் போறதப் பத்தி. அதுக்கு நீ சரின்னு சொன்னே. அவ்ளோதான், மேல கேக்காதே. போய் உன் வீட்டுக்காரம்மாகிட்ட கேளு," என்றார்.

திரும்பி வரும்போது ரேடியோவை அணைத்துவிட்டேன். இருபது பேர் அவரவர் வீட்டிலும் கடையிலும் காரிலும் இருந்துகொண்டு என் மனைவி பேசியதைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த நான் கேட்கவில்லை. அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. செல்வி இல்லாத அந்த வீட்டைக் கற்பனை செய்து பார்த்தேன், ஓட்டவே முடியவில்லை. ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குப் போனால் தாரணியும் அவளுடைய மூன்று தோழிகளும் கூடத்தை நிரப்பிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போன பிறகு கேட்கலாம் என்றிருந்தேன். போன பிறகு, காலையில் கேட்கலாம் என்று தோன்றியது. கோழை என்று சொன்னால் மறுக்கமாட்டேன்.

6

திங்கட்கிழமை செல்வி சாப்பாட்டுப் பையோடு ஒரு நீளமான உறையையும் வைத்திருந்தாள். அது என்ன என்று கேட்டேன். "ஒப்பந்தத்தப் புதுப்பிக்க வேணாம்னு எழுதியிருக்கேன். இன்னிக்குக் கடைசி நாள்," என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் கம்பெனியின் கார் நிறுத்தத்தில் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்தேன். ரேடியோவில் லிம் அண்ணேயின் நெட் சின்னக் குரலில் ஓடிக்கொண்டிருந்தது.

"செல்வி, புதன்கிழமை நீ சொன்னது எனக்குக் கேட்கலை."

"எது?"

"எதுன்னுகூடத் தெரியலை."

திரும்பிப் பார்த்தாள். "சரின்னு சொன்னீங்களே. ரெண்டு தடவை."

"அது நான் எப்பவும் சொல்ற சரி. கிரைண்டருக்குச் சொன்ன மாதிரி."

அவள் முகத்தில் என்னென்னவோ ஓடிற்று. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன், திட்டு வாங்கத் தயாராகத்தான் இருந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் சொன்னதக் கேட்டுட்டு நீங்க சரின்னு சொல்லல?"

"இல்ல."

"அஞ்சு நாளா நான் தூங்கல. பொண்ணும் கோலாலம்பூர் போயிடுவா, இவளும் போனா நிம்மதின்னு இந்த மனுஷன் காத்துக்கிட்டு இருந்திருக்காருன்னு நெனச்சேன். போகாதேன்னு ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னுதான் அன்னிக்குச் சொன்னதே. நீங்க கேக்காம இருந்ததுக்காக நான் ஒரு நாள் சந்தோஷப்படுவேன்னு யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன்."

இன்னொன்றும் பாக்கி இருந்தது. மைக், பட்டன், மூன்று நிமிடம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டாள். "எல்லாருமா? என் தங்கச்சி மாமியாரப் பத்திச் சொன்னதுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் கேட்கவே இல்லையே."

அதற்குத்தான் முதலில் சிரித்தாள்.

அப்புறம் அவளாகவே எல்லாவற்றையும் திரும்பச் சொன்னாள். தாரணி போய்விட்டால் வீட்டில் இரண்டு பேர், அதில் ஒருவர் ரேடியோவோடு. ஆபீசில் பேச ஆளில்லை, மதியம் தனியாகச் சாப்பிடுகிறாள். பதினோரு வருடமாகியும் இந்த ஊரில் தான் இல்லாமல் போனால் தேடுவதற்கு ஒருவரும் இல்லை. ஊரில் தங்கையாவது இருக்கிறாள். நான் ஒரு 'ம்' கூடப் போடவில்லை. வேலைக்கு வருகிறவர்கள் காரைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

முடித்துவிட்டு, "இப்ப சொல்லுங்க," என்றாள்.

"போகாதே. நீ இல்லாம என்னால இங்க இருக்க முடியாது. ஒரு நாள்கூட முடியாது."

செல்வி குனிந்து மைக்கை எடுத்தாள். என் வாய்க்கு நேரே நீட்டினாள். "சரின்னது எல்லார் முன்னாடியும் சொன்னீங்கல்ல. இதயும் அவங்க முன்னாடி சொல்லுங்க," என்று பட்டனை அழுத்தினாள்.

பழக்க தோஷத்தில் முதலில், உரிமத்தோடு கிடைத்த என் அழைப்புக் குறியைச் சொன்னேன். பிறகு சொன்னேன், நேராகத் தமிழிலேயே: "புதன்கிழமை நான் சரின்னு சொன்னது தப்பு. என் மனைவி ஊருக்குப் போக வேணாம். அவ இங்கேயே இருக்கணும்."

பட்டனை விட்டாள். பிறகு லிம் அண்ணேயின் குரல் வந்தது. நான்கு வருடத்தில் முதல் முறையாக நெட்டில் தமிழ் பேசினார்.

"தம்பி, சரியா கேக்கல. திரும்பச் சொல்லு."

சொன்னேன். உடனே ஹமீது பாய் வந்தார். "எனக்கும் விழுகல தம்பி. கடையில சத்தம். இன்னொரு வாட்டி." சொன்னேன். பிறகு ரோஸ்லான். அவருக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. "உலாங் செக்காலி லாகி," என்றார். இன்னும் ஒரு முறை என்று. அவருக்கும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் செல்விதான் பட்டனை அழுத்தினாள். சிரித்த சிரிப்பில் அவள் விரல் பட்டனில் இருந்து வழுக்கியது. எனக்குத்தான் நான்காவது முறை குரல் உடைந்துவிட்டது.

மைக்கைக் கீழே வைத்தாள். உறையை எடுத்து என் மடியில் போட்டாள். பட்டனில் இப்போது யாருடைய விரலும் இல்லை. என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"எனக்கும் சரியா கேக்கல," என்றாள். "எனக்கு மட்டும் ஒரு தடவ சொல்லுங்க."